முதுகில் ஏறும் பாரமும் அதைத் தாங்கும் பையும்

கடைகளில் பொருள் வாங்குவோருக்குப் பொலித்தீன் பைகளை இலவசமாக வழங்குவது 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாம் திகதியிலிருந்து எமது நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னர், மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2017 ஆம் ஆண்டிலேயே, 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் கொண்ட பொலித்தீன் தடைக்குள்ளானது. சூழலைக் கருத்திற்கொண்டு நோக்குமிடத்து இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகளே. ஆயினும் சொப்பிங் பையை வேண்டாமென்று சொல்லிவிட்ட ஒருவர், ஐந்து கிலோ அரிசியையும் நான்கு தேங்காய்களையும் மரக்கறியையும் எதிலே போட்டு வீட்டுக்குக் கொண்டு செல்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. துணிப்பையைப் பற்றிப் பலரும் பேசிவிட்டனர். நாம் இங்கு பேச விரும்புவது முதுகுப்பையைப் பற்றி.

முதுகுப்பை மாணவர்க்கும் உல்லாசப் பயணிகளுக்கும் உரியது என்ற எண்ணம் எம்மிடையே நீண்டகாலமாக இருந்து வந்துள்ளது. நடுத்தர வயதினர் ஒருவர் அதனை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால் ஒரு மாதிரியாகப் பார்த்தவர்களும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி அந்தப் பார்வையைப் பெருமளவு மாற்றிவிட்டது எனலாம். முச்சக்கரவண்டி கிடைக்காத, பஸ் ஓடாத அந்த மாதங்களில் துவிச்சக்கரவண்டியில் ஏறியவர்களும் கால்நடையாகவே சென்றவர்களும், இரு கைகளையும் விடுவித்துத் தரும் பை எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கண்டுகொண்டனர்.

நாமும் அவ்வாறு கண்டுகொண்டவர்களுள் அடங்குவோம். அவ்வாண்டின் ஜூலை மாதத்தில் பத்துக் கிலோ அரிசியையும் சீனி, பருப்பு முதலியவற்றையும் ஒரு பையில் அடைத்து முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தபோது, வீட்டுக்கு இன்னும் ஒரு மைல் இருக்கையில் வலப்பக்கத் தோள்பட்டி அடியோடு கழன்றது. அரிசிப் பொதி வீதியில் விழுந்து வெடித்தது. வாங்கி ஐந்து மாதமும் ஆகாத பை அது. அரிசியை அள்ளி முடித்து, எஞ்சியதைக் கட்டிக்கொண்டு வீடு சேர்ந்த பின்னர், அந்தப் பையை மேசையில் வைத்து ஆற அமர ஆராய்ந்து பார்த்தோம். துணியில் ஒரு கீறலும் இல்லை. சிப் ஒழுங்காக ஓடியது. கொளுவிகள் உடையவில்லை. தோள்பட்டியை முதுகுப் பகுதியுடன் இணைத்த தையல் மாத்திரமே பிரிந்திருந்தது. பட்டியின் நுனி, துணியின் விளிம்பிலிருந்து ஒரு நெல்லளவு தூரம் மட்டுமே உள்ளே செருகப்பட்டு, ஒற்றைத் தையலால் பிடிக்கப்பட்டிருந்தது.

பை வாங்கச் செல்வோர் துணியைத் தடவிப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, எத்தனை அறைகள் உண்டு என்று எண்ணிப் பார்க்கின்றனர். ஆனால் பைகள் பெரும்பாலும் துணியில் கிழிவதில்லை; இணைப்புகளிலேயே பிரிகின்றன. எனவே பையைத் தெரிவு செய்யும்போது முதலில் அதன் வெளிப்புறத்தையல்ல, உட்புறத்தையே பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பையை உட்புறம் வெளியே வருமாறு புரட்டிப் பார்ப்பதற்கு நுகர்வோருக்கு உரிமை உண்டு.

அவ்வாறு புரட்டும்போது துணியின் வெட்டு விளிம்புகள் எவ்வாறு முடிக்கப்பட்டுள்ளன என்பதைக் கவனிக்க வேண்டும். விளிம்புகளின் மேல் நாடா மடித்துத் தைக்கப்பட்டிருந்தால் நூல்கள் பிரிந்து வரமாட்டா. வெட்டியபடியே விடப்பட்டு நூல்கள் தொங்குமாயின், அந்தப் பிரிவு ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகத் தையலை நோக்கி நகரும். தையலுக்கும் விளிம்புக்கும் இடையே குறைந்தது ஒரு சென்ரிமீற்றராவது துணி எஞ்சியிருத்தல் நன்று. அடுத்து, தோள்பட்டி மேலே இணையும் இடம். அங்கே பட்டியானது துணியின் மடிப்புக்குள் ஆழமாகச் செருகப்பட்டு, இரண்டு மூன்று வரிசைத் தையல்களால் பிடிக்கப்பட்டுள்ளதா, அல்லது சதுரமொன்றின் நடுவே பெருக்கற் குறியிட்டது போன்ற தையல் போடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பட்டியின் கீழ் நுனிகளிலும் பிடிநாடாவிலும், மிக நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய குறுந்தையல் ஒன்று தடித்த கோடு போலக் காணப்படும். அதிக இழுவை ஏற்படும் இடங்களுக்கென்றே தனி இயந்திரத்தினால் போடப்படும் தையல் அது. அது இருக்குமிடத்தில், செய்தவர் பாரத்தைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

நூல் பருத்தி நூலாக இருக்கலாகாது. எமது நாட்டின் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் பருத்தி நூல் விரைவில் உக்கிப்போகும். பொலியெஸ்டர் நூலோ நைலோன் நூலோ நின்று பிடிக்கும். இறுதியாக ஒரு பரிசோதனை: ஒரு கையால் பையின் முதுகுப் பகுதியையும் மறுகையால் தோள்பட்டியையும் பற்றிப் பலமாக இழுத்துப் பாருங்கள். தையல் துளைகள் விரிந்து வெளிச்சம் தெரியுமாயின் அந்தப் பையை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

துணியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பைகளில் தொங்கும் அட்டைகளில் 600, 1000 என்ற எண்களுடன் டெனியர் என்ற சொல் அச்சிடப்பட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். அது நூலின் பருமனைக் குறிக்கும் அளவு. 9000 மீற்றர் நீளமான நூல் எத்தனை கிராம் நிறை கொண்டதோ அத்தனை டெனியர். ஆகவே எண் கூடக்கூட நூல் தடிக்கும். கடைத்தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும் பைகளில் பெரும்பாலானவை 600 டெனியர் பொலியெஸ்டர் துணியாலானவை. அன்றாடப் பாவனைக்கு அது போதுமானது. எனினும் இவ்வெண்ணை மாத்திரம் நம்பி ஏமாறலாகாது. தடித்த நூலை ஐதாக நெய்தால் கிடைக்கும் துணியை விட, மெல்லிய நூலை நெருக்கமாக நெய்த துணி உறுதியாக இருக்கக்கூடும். நூலின் தரமும் இழைக்கு இழை வேறுபடும்.

நைலோனா பொலியெஸ்டரா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனத்தில் வலஸ் கரோதர்ஸ் என்ற இரசாயனவியலாளரின் குழுவினால் உருவாக்கப்பட்ட நைலோன், உராய்வைத் தாங்குவதில் முன்னிற்பது. சீமெந்துத் தரையில் இழுபடும் பைக்கும், கரடுமுரடான பொருள்களைச் சுமக்கும் பைக்கும் அதுவே ஏற்றது. கோர்டுரா என்ற பெயரில் விற்கப்படும் துணிகளில் பெருமளவானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் நைலோன் நீரைச் சிறிதளவு உறிஞ்சும். நனைந்தால் சற்றே நீளும். கடும் வெயிலில் தொடர்ந்து கிடந்தால் பொலியெஸ்டரை விட விரைவாக வலுவிழக்கும். துவிச்சக்கரவண்டியில் நாள்தோறும் வெயிலில் செல்பவருக்குப் பொலியெஸ்டர் குறைந்த விலையில் நல்ல தெரிவாகும். தடித்த பருத்திக் கன்வஸ் அழகானதுதான். ஆனால் மழையில் நனைந்து பாரமாகி, இரண்டு நாளாகியும் காயாமல், மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும் பையை நுவரெலியாவில் வசிப்பவருக்கு நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

வெப்பவலய நாடுகளில் வாழும் எமக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. துணி நீர் புகாதிருப்பதற்காக அதன் உட்புறத்தில் பொலியூரித்தேன் என்ற பூச்சு பூசப்படுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் இப்பூச்சு நீருடன் இரசாயனத் தாக்கமுற்றுச் சிதைவடையும். பயணத்துக்கென்று பத்திரமாக அலுமாரிக்குள் வைத்த விலையுயர்ந்த பையை நான்கைந்து வருடங்களின் பின்னர் எடுத்துப் பார்த்தால், உள்ளே பசைபோல ஒட்டிக்கொண்டும் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டும் இருப்பது இதனாலேயே. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய நல்ல பையைப் பாவிக்க மனமின்றிப் பொத்திப் பொத்தி வைப்போர் எம்மிடையே பலர் இருப்பதால் இதனைச் சற்று அழுத்திச் சொல்கிறோம். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அந்தப் பூச்சுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும். பொலித்தீனில் சுற்றி மூடி வைப்பது ஈரத்தை உள்ளே அடைத்து நிலைமையை மோசமாக்குவதற்கே உதவும்.

சிப் விடயத்தில் எண்ணொன்றை நினைவில் வைத்திருத்தல் நன்று. சிப்பின் பின்புறத்திலோ இழுவையிலோ 3, 5, 8, 10 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மூடிய நிலையில் பற்களின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீற்றரில் குறிப்பன இவை. பாரம் ஏற்றும் பையின் பிரதான வாய்க்கு 8 அல்லது 10, சிறிய அறைகளுக்கு 5 என்றவாறு இருப்பது பொருத்தம். 3 ஆம் இலக்கச் சிப் பணப்பைக்கு உரியது. 1934 ஆம் ஆண்டில் தோக்கியோவில் தொடங்கப்பட்ட வை.கே.கே. நிறுவனத்தின் சிப்கள் பரவலாக நம்பப்படுபவை. அதனாலேயே அவ்வெழுத்துகளைப் பொறித்த போலிகளும் தாராளமாக உலவுகின்றன. எனவே எழுத்தைப் பாராமல் ஓட்டத்தைப் பாருங்கள். வளைவான மூலைகளில் இருபது தடவை திறந்து மூடும்போது ஓரிடத்திலும் தடங்கக் கூடாது. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, கல்முனை போன்ற கரையோரப் பிரதேசங்களில் உப்புக் காற்று உலோகப் பற்களை அரித்துவிடும் என்பதால் நைலோன் சுருள் பற்களே உகந்தவை. நாளடைவில் சிப் மூடியும் பிளந்துகொண்டு நிற்குமாயின், பெரும்பாலும் தேய்ந்திருப்பது பற்களல்ல, அவற்றின் மேல் ஓடும் இழுவையே. அதை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகப் பையையே எறிந்துவிடுவோர் அநேகர்.

இனி, பை தாங்கினால் போதுமா? முதுகும் தாங்க வேண்டுமல்லவா? பைகளின் கொள்ளளவு லீற்றரில் குறிப்பிடப்படுகிறது. அன்றாட வேலைகளுக்கு 20 முதல் 25 லீற்றர் போதும். சந்தைக்குப் போவதற்கு 30 முதல் 35 வரை. பெரிய பை வாங்கினால் நல்லதுதானே என்று எண்ணுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் கொள்ளளவில் ஏறத்தாழ 800 கிராம் அரிசி கொள்ளும். அவ்வாறாயின் 25 லீற்றர் பையை அரிசியால் நிரப்பினால் 20 கிலோ. 35 லீற்றர் பையாயின் 28 கிலோ. இடம் இருக்கிறதே என்று அடைப்பது மனித இயல்பு. எனவே பெரிய பை பெரிய பாரத்துக்கு விடுக்கும் அழைப்பாகவே அமைந்துவிடுகிறது.

பாரம் முதுகெலும்பிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்கு உடல் முன்னோக்கி வளைந்து அதனை ஈடுசெய்ய முயலும். எனவே அரிசி, தேங்காய், தண்ணீர்ப் போத்தல் போன்ற பாரமானவை முதுகை ஒட்டி, பையின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். இலேசானவை அடியிலும் வெளிப்பக்கத்திலும் இருக்கலாம். பட்டிகளைத் தளர்த்திவிட்டு, பை இடுப்புக்குக் கீழே தொங்க நடப்பது இளைஞரிடையே ஒரு பாணியாகியுள்ளது. அதே பாரம் அப்போது இரு மடங்கு களைப்பைத் தருவதை அவர்களின் தோள்களே சொல்லும். தோள்பட்டி நான்கு விரல் அகலமாவது இருக்க வேண்டும். அதனுள் இருக்கும் ஸ்பொஞ்சை விரல்களால் அழுத்தினால் அது முழுவதுமாகச் சப்பையாகிவிடாமல் எதிர்த்து நிற்க வேண்டும். மெத்தைபோல மெதுவாக இருக்கும் ஸ்பொஞ்சு கடையில் மாட்டிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். பத்துக் கிலோவை ஏற்றியதும் காகிதமாகிவிடும். எட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் அடிக்கடி சுமப்பவர்கள் இடுப்புப்பட்டி உள்ள பையைத் தேட வேண்டும். பாரத்தின் பெரும் பகுதியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் வைப்பதே அதன் தொழில். மெல்லிய நாடாவாக அமைந்த இடுப்புப்பட்டி பை ஆடாமல் பிடிக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது.

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளும், கொழுந்து நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் கொளுவி மலையேறும் தோட்டத் தொழிலாளப் பெண்களும் இந்த விதிகளைப் படித்து அறிந்தவர்களல்லர். பாரத்தை உடலோடு ஒட்டி வைப்பதை அனுபவத்தால் கற்றுக்கொண்டவர்கள். ஆனால் தலையில் கொளுவிய கயிறு கழுத்தெலும்பில் ஏற்றும் சுமையைக் குறைப்பதற்கு, அகன்ற தோள்பட்டியும் இடுப்புப்பட்டியும் கொண்ட கொழுந்துப் பையொன்றை ஒவ்வொருவருக்கும் வழங்குவது பெருந்தோட்டங்களுக்கு இயலாத செலவா என்று கேட்கத் தோன்றுகிறது.

சிறுவர்களின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. இந்திய அரசாங்கம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கை, பையின் நிறை மாணவரின் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கை மீறலாகாது என்கிறது. முப்பது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது மூன்று கிலோ. வெறும் பையே ஒரு கிலோ இருக்குமாயின், புத்தகத்துக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் எஞ்சுவது இரண்டு கிலோ மாத்திரமே. சில்லுப் பூட்டிய பைகளும், கார்ட்டூன் உருவங்கள் புடைத்து நிற்கும் பைகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தோற்றுவிடுகின்றன. பிள்ளைக்கு வாங்கும்போது பையை வெறுமையாகத் தூக்கிப் பாருங்கள். வளருவான் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும் கூடாது. சப்பாத்துக்குச் சரி, பைக்குச் சரிவராது.

2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், முதுகுப்பையே சந்தேகத்துக்குரிய பொருளாகிப் போனதையும், பாடசாலை வாசல்களில் சிறுவர்களின் பைகள் திறந்து பார்க்கப்பட்டதையும், உள்ளிருப்பவை வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைகள் விற்பனைக்கு வந்ததையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முன்னரும் சோதனைச் சாவடிகளில் வரிசையாக நின்று பையைக் கொட்டிக் காட்டிய அனுபவம் எம்மவருக்குப் புதிதன்று. அந்தப் பிளாஸ்டிக் பைகள் பல, சில மாதங்களிலேயே தையல் ஓடிய வழியே கிழிந்தன. துணியில் ஊசி நுழையும்போது இழைகள் விலகி வழிவிடும். பிளாஸ்டிக் தாளில் ஊசி நிரந்தரமான துளையையே இடும். வரிசையான துளைகள் முத்திரைத் தாளைக் கிழிப்பது போலக் கிழிவதற்கு வழிசெய்யும்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் புகாது என்று எழுதப்பட்ட பைகளில் பெரும்பாலானவற்றில் துணி நீரைத் தடுக்கும். தையல் துளைகளும் சிப்பும் தடுக்கமாட்டா. ஆகவே முக்கியமான பத்திரங்களைத் தனியான நீர்புகா உறையில் இட்டே பைக்குள் வைக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து கொட்டும் மழையில் பெயர்ந்த மக்களும், 2004 டிசெம்பரில் கடல் கொண்ட கரைகளில் தப்பியவர்களும் பிறப்புச் சான்றிதழுக்காகவும் காணி உறுதிக்காகவும் பின்னர் எத்தனை அலுவலகப் படிகள் ஏறினர் என்பதை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் அதே பாடத்தை மலையகத்திலும் ஏனைய பகுதிகளிலும் மீண்டும் புகட்டின. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் வசிப்போர் அன்றாடம் பாவிக்கும் நல்ல பையொன்றினுள்ளேயே அடையாள அட்டை, சான்றிதழ்கள், உறுதிகளின் பிரதிகள், மருந்து, மின்சூள் ஆகியவற்றுக்கென ஓர் அறையை ஒதுக்கி வைத்திருப்பது பெரிய காரியமன்று. இரு கைகளும் விடுபட்டிருந்தால்தான் ஒரு பிள்ளையைத் தூக்க முடியும்.

விலைக்கு வருவோம். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பின்னர் இறக்குமதிப் பைகளின் விலை எட்டாக்கனியாகிவிட்டது. எடுத்துக்காட்டாக, 2000 ரூபாப் பை எட்டு மாதம் உழைக்குமாயின் மாதமொன்றுக்கு 250 ரூபா செலவாகிறது. 9000 ரூபாப் பை ஆறு வருடம் உழைத்தால் 125 ரூபா. கணக்கு தெளிவானதே. ஆனால் நாட்சம்பளத்தில் வாழ்பவரிடம் ஒரே தடவையில் 9000 ரூபா எங்கே இருக்கிறது? மலிந்ததை வாங்கி மீண்டும் மீண்டும் செலவழிப்பது அவருடைய அறியாமையன்று. அத்தகையோருக்கு நாம் சொல்லக்கூடியது, நடுத்தர விலையில் அறைகள் குறைந்த, அலங்காரமற்ற பையை வாங்கி, முதல் நாளே அதன் தோள்பட்டி இணைப்புகளைத் தடித்த நைலோன் நூலால் மேலும் இரு வரிசை தைப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதே. பெயர்பெற்ற நிறுவனங்களின் சின்னம் பொறித்த போலிக்கு மேலதிகமாகக் கொடுக்கும் பணம் அந்த நூலுக்குப் போகட்டும்.

அறுந்து விழுந்த எமது பையையும் அவ்வாறே பஸ் நிலையத்துக்கு அருகில் குடையும் சப்பாத்தும் திருத்தும் முதியவரிடம் கொண்டு சென்றோம். அவர் பட்டியை இரு அங்குலம் உள்ளே செருகி, பின்புறத்தில் பழைய பையொன்றின் நாடாத் துண்டை வைத்து, கைத்தையல் ஊசியால் சதுரமாகத் தைத்தார். மறுபக்கப் பட்டி இன்னும் அறவில்லையே என்றோம். அதுவும் அறும், இருங்கள் என்று சொல்லி அதனையும் தைத்தே தந்தார். அந்தப் பை இன்னும் பாவனையில் இருக்கிறது. மாதமொரு தடவை சவர்க்காரத் தண்ணீரில் கையால் கழுவி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். சிப்பின் பற்களில் மெழுகுதிரித் துண்டைத் தேய்க்கிறோம். பத்துக் கிலோ அரிசியை அது இப்போது முனகாமல் சுமக்கிறது, முனகுவது நாம்தான்.